மருத்துவரிடம் கேளுங்கள்: கீரிப்பூச்சி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கடந்த சில வாரங்களில் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பல, குழந்தைகளை இரவில் தூங்கவிடாமல் செய்யும் கீரிப்பூச்சியைப் பற்றியே இருந்தன. நூல்புழு என்றும் ஊசிப்புழு என்றும் இதைச் சொல்வதுண்டு. எழுதியவர்களில் பெரும்பாலோர் தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால், இந்தத் தொல்லை ஒரு வீட்டில் மாதக்கணக்கில் நீடிப்பதற்கு அந்தக் கூச்சமும் ஒரு காரணம் என்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. ஆறு மாதமாக, இரவில் தூங்கி இரண்டு மணி நேரம் ஆவதற்குள் எழுந்து உட்கார்ந்து, பின்பக்கம் அரிக்கிறது என்று அழுகிறாள். ஒருநாள் விளக்கைப் போட்டுப் பார்த்தபோது வெள்ளை நூல்போல ஒன்று நெளிவதைக் கண்டு பதறிவிட்டேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த பூச்சி மாத்திரையைக் கொடுத்தோம். நான்கைந்து வாரம் நன்றாக இருந்தாள். பிறகு பழையபடி ஆகிவிட்டது. இப்படி மூன்று முறை நடந்துவிட்டது. இனிப்பு அதிகம் கொடுப்பதால்தான் என்கிறார் மாமியார். நான் குழந்தையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை என்கிறார் கணவர். வீட்டில் நாங்கள் இருவர், மாமியார், மகள், 4 வயது மகன் என ஐந்து பேர். நான் எங்கே தவறு செய்கிறேன்?
வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, நீங்கள் சுத்தமாக வைத்துக்கொள்ளாததால் இது வரவில்லை. நாள்தோறும் இருமுறை குளிக்கும் குழந்தைகளுக்கும், பளிங்குத் தரை போட்ட வீடுகளில் வளரும் குழந்தைகளுக்கும் இது வருகிறது. உங்கள் கணவர் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றே நான் சொல்வேன். மாமியார் அவர்கள் சொன்னதும் நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருவதுதான். ஆனாலும் இனிப்பிலிருந்து எந்தப் புழுவும் பிறப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத முட்டை ஒன்று வாய்வழியாக உள்ளே போனால் மட்டுமே இந்தப் புழு குடலில் வளர முடியும்.

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான சொல் 'நான்கைந்து வாரம்' என்பதுதான். அந்தக் கணக்கே உங்கள் கேள்விக்குப் பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. வாய்க்குள் போன முட்டை சிறுகுடலில் பொரிந்து, பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் தங்கி வளர்ந்து, முட்டையிடும் பெண்புழுவாக வெளியே வருவதற்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மாதம் பிடிக்கும். உங்கள் மகள் விழுங்கிய மாத்திரை அப்போது குடலில் இருந்த புழுக்களைக் கொன்றுவிட்டது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த மாத்திரைக்கு முட்டைகளைக் கொல்லும் ஆற்றல் இல்லை. மாத்திரை கொடுத்த அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் அவளுடைய நகத்திலோ, போர்வையிலோ, தம்பியின் விரலிலோ இருந்த முட்டைகள் மீண்டும் அவள் வாய்க்குள் போயிருக்கின்றன. அவை வளர்ந்து முட்டையிட வந்தபோதுதான் அரிப்பு திரும்பியது. ஆகவே மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டி, வேறு மருந்து தேடி அலைய வேண்டாம்.

அரிப்பு ஏன் இரவில் மட்டும் வருகிறது என்பதையும் தெரிந்துகொண்டால், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள பெண்புழு, குழந்தை அசையாமல் தூங்கும் நேரம் பார்த்து ஆசனவாய் வழியாக வெளியே வந்து, சுற்றியுள்ள தோலில் 10,000 முட்டைகளுக்கு மேல் இட்டுவிட்டு இறந்துவிடுகிறது. தோலில் ஊர்வதும், முட்டைகளோடு ஒட்டியிருக்கும் பசைப்பொருளும் சேர்ந்து அரிப்பை உண்டாக்குகின்றன. குழந்தை தூக்கத்திலேயே சொறிகிறது. நகக்கண்ணில் முட்டைகள் ஏறுகின்றன. காலையில் எழுந்து விரலை வாயில் வைத்தாலோ, நகம் கடித்தாலோ, கை கழுவாமல் ஓர் இட்லித் துண்டைப் பிட்டாலோ போதும், சுற்று மறுபடி தொடங்கிவிடும். இட்ட முட்டை நான்கு முதல் ஆறு மணி நேரத்திலேயே பிறருக்குத் தொற்றும் நிலையை அடைந்துவிடுகிறது என்பதால், நள்ளிரவில் இட்டது விடியும்போது தயாராக இருக்கும். அந்தக் கை தொட்ட கதவுப்பிடி, தண்ணீர்ச் சொம்பு, பொம்மை, படுக்கை விரிப்பு எல்லாவற்றிலும் முட்டைகள் ஒட்டிக்கொள்ளும். ஈரமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் அவை இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கக்கூடும். நல்ல வெயிலும் வறட்சியும் பட்டால் அதைவிட விரைவில் அழிந்துவிடும்.

இப்போது சிகிச்சைக்கு வருகிறேன். முதலாவதாக, வீட்டில் உள்ள ஐந்து பேரும் ஒரே நாளில் மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அரிப்பே இல்லாத உங்கள் கணவரும், மாமியாரும், நீங்களும் இதில் அடக்கம். பெரியவர்கள் பலருக்குப் புழு இருந்தும் எந்த அறிகுறியும் தெரியாது. அவர்களிடமிருந்து குழந்தைக்குத் திரும்பத் தொற்றுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. என்னிடம் பேத்தியை அழைத்து வந்த ஒரு பாட்டி, தமக்கும் மாத்திரை எழுதியதைப் பார்த்து முகம் வாடிப்போனார். 'இந்த வயதில் எனக்குப் பூச்சியா?' என்று கேட்டார். பேத்தியைத் தம் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்வதும், தம் தட்டிலிருந்து ஊட்டுவதும் அவர்தாம். அந்த அன்பின் வழியாகத்தான் முட்டையும் போய் வருகிறது என்று பொறுமையாக விளக்கியதும் மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டார். உங்கள் மாமியாரிடமும் இப்படியே சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவதாக, முதல் மாத்திரைக்குச் சரியாக இரண்டு வாரம் கழித்து ஐந்து பேரும் மறுபடி ஒரு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டில் மூன்று முறையும் விடுபட்டது இதுதான் என்று நினைக்கிறேன். முதல் மாத்திரைக்குப் பிறகு உள்ளே போன முட்டைகள் இந்த இரண்டு வாரத்தில் பொரிந்திருக்கும், ஆனால் முட்டையிடும் அளவுக்கு வளர்ந்திருக்காது. அந்த இடைவெளியில் அவற்றைப் பிடித்துவிட்டால் சுற்று அறுந்துவிடும். குழந்தைக்கு அரிப்பு நின்றுவிட்டதே என்று பல பெற்றோர் இரண்டாம் மாத்திரையை மறந்துவிடுகிறார்கள். முதல் மாத்திரை கொடுத்த அன்றே, சமையலறையில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் 14 நாள் தள்ளி அந்தத் தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

பொதுவாக இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே ஒரு மாத்திரையாகத் தரப்படுகிறது. மெபெண்டசோல், பைரண்டல் பாமோயேட் ஆகிய மருந்துகளும் பயன்படுகின்றன. எதுவாயினும் இரண்டு வாரம் கழித்து மறுமுறை உண்டு. சிறு குழந்தைகள் மாத்திரையை அப்படியே விழுங்க முயன்றால் தொண்டையில் சிக்கிக்கொள்ளலாம் என்பதால், மென்று சாப்பிடச் சொல்லுங்கள், அல்லது பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சிலருக்கு லேசான வயிற்றுவலி, குமட்டல், தலைசுற்றல் வந்து போகும். காய்ச்சலோ வேறு உடல்நலக் குறைவோ இருக்கும் நாளில் தர வேண்டாம். கல்லீரல் நோய் உள்ளவர்களும், வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களும், கருவுற்றிருப்பவர்களும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெற்றோரும் மருத்துவரைப் பார்க்காமல் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, காலை வேளை. இரவெல்லாம் இட்ட முட்டைகள் அந்த நேரத்தில் தோலின்மீது இருக்கின்றன. எழுந்தவுடன், பால் குடிப்பதற்கும் பல் துலக்குவதற்கும் முன்பாகவே குழந்தையைக் குளியலறைக்கு அழைத்துச் சென்று, பின்பக்கத்தை நிறையத் தண்ணீர் விட்டு சோப்பு போட்டுக் கழுவி விடுங்கள். பிறகு உங்கள் கைகளையும் அவள் கைகளையும் நகக்கண் வரை தேய்த்துக் கழுவுங்கள். மாலையில் மட்டும் குளிப்பாட்டும் வீடுகளில் இந்தப் புழு நீடிப்பதற்கு இதுவே காரணம். இரவில் இறுக்கமான பருத்தி உள்ளாடை போட்டு உறங்கவிட்டால், சொறிந்தாலும் விரல் தோலைத் தொடாது. அந்த உள்ளாடையைக் காலையில் மாற்றியே ஆக வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். கட்டிலில் உட்கார்ந்து வெட்டாமல், துணுக்குகளைத் தாளில் பிடித்துக் குப்பையில் போடுங்கள்.

நம் வீடுகளில் காலையில் எழுந்ததும் போர்வையையும் விரிப்பையும் உதறி மடிப்பது நல்ல பழக்கமாகக் கருதப்படுகிறது. இந்த ஒரு தொல்லை இருக்கும்போது மட்டும் அதைத் தவிர்த்துவிடுங்கள். உதறும்போது முட்டைகள் காற்றில் பறந்து, மூச்சோடு போய், விழுங்கப்பட்டும் விடும். மருந்து கொடுத்த மறுநாள் காலையில் விரிப்பு, போர்வை, தலையணை உறை, இரவு உடை, துண்டு ஆகியவற்றை உள்பக்கமாகச் சுருட்டி எடுத்து, கை பொறுக்காத அளவு சூடான நீரில், அதாவது 60 டிகிரி அல்லது அதற்கு மேல், ஊறவைத்துத் துவைத்து, மொட்டைமாடி வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். துவைக்க முடியாத மெத்தையை வெயிலில் போடுங்கள். கோரைப்பாயை ஈரத் துணியால் இருபுறமும் துடைத்து வெயிலில் விரியுங்கள். அறையைப் பெருக்குவதைவிட ஈரத் துணியால் துடைப்பது நல்லது. இதற்குமேல் வீட்டையே புரட்டிப்போட்டு, சுவரையும் திரைச்சீலையையும் கிருமிநாசினி ஊற்றிக் கழுவ வேண்டியதில்லை. அந்த உழைப்பைக் கைகழுவலில் செலவிடுங்கள்.

கைகழுவல் என்று நான் சொல்வது மலம் கழித்த பிறகும், சமைக்கும் முன்பும், சாப்பிடும் முன்பும் சோப்பும் தண்ணீரும் கொண்டு தேய்த்துக் கழுவுவதை. நாம் தண்ணீரால் கால் கழுவி, கையால் சாப்பிடும் மக்கள். இரண்டு பழக்கங்களும் நல்லவைதாம், இடையில் சோப்பு இருக்கும்வரை. கைக்குத் தடவும் சானிடைசர் இந்த முட்டைகளுக்குப் போதாது. முட்டையைத் தேய்த்து நீரோடு அகற்றுவதே பலன் தரும். குளியலறையில் எல்லோருடைய பல் துலக்கிகளும் ஒரே குவளையில் திறந்து கிடந்தால், அவற்றை மூடிய இடத்துக்கு மாற்றி, பயன்படுத்தும் முன் ஒருமுறை அலசிக்கொள்ளுங்கள்.

மாத்திரை கொடுத்த பிறகும் சில நாட்கள் அரிப்பு இருக்கலாம், அஞ்ச வேண்டாம். இரண்டு மாத்திரைகளும் ஐந்து பேருக்கும் முடிந்து, ஒன்றரை மாதம் கழித்து அரிப்பு வந்தால், வெளியிலிருந்து புதிதாகத் தொற்றியிருக்கிறது என்று பொருள். அவள் அடிக்கடி போய்த் தங்கும் சித்தி வீட்டையோ, பக்கத்து வீட்டுத் தோழியையோ நினைத்துப் பார்த்து, அவர்களிடம் நயமாகச் சொல்லுங்கள். சொல்வதற்குச் சங்கடமாக இருந்தால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அமெரிக்காவின் யூட்டா மாநிலக் குகைகளில் கிடைத்த, ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதக் கழிவின் எச்சங்களில் இதே புழுவின் முட்டைகள் இருந்திருக்கின்றன. மனிதன் இருக்கும் இடமெங்கும் இருந்துவரும் ஒன்றைப் பற்றிப் பேச வெட்கப்பட எதுவுமில்லை.

கேள்வி: எங்கள் காலத்தில் மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்வார்கள். வேப்பங்கொழுந்தை அரைத்து உருண்டையாக்கி விழுங்க வைப்பார்கள். இப்போது என் மருமகள் எதற்கும் மாத்திரைதான் என்கிறாள். பழைய வைத்தியத்தில் என்ன குறை?
வாசகி, விருதுநகர்

பதில்: அம்மா, உங்கள் காலத்துப் பெரியவர்கள் அக்கறையோடு செய்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாத்திரை எளிதாகக் கிடைக்காத நாளில் கையில் இருந்ததைக் கொண்டு அவர்கள் குழந்தைகளைக் காத்தார்கள். ஆனால் விளக்கெண்ணெய் ஒரு பேதி மருந்து. வயிறு போகும்போது சில புழுக்கள் வெளியேறுவதைக் கண்ணால் பார்ப்பதால் எல்லாம் போய்விட்டது என்று தோன்றும். குடற்சுவரை ஒட்டியிருப்பவை அப்படியே இருக்கும். சிறு குழந்தைக்கு அந்தப் பேதியால் உடலின் நீர் வற்றிப்போகக்கூடும். கை காலைப் பிடித்துக்கொண்டு, அழும் குழந்தையின் வாயில் எண்ணெய் ஊற்றும்போது அது மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைப் பாதிப்பதும் உண்டு. ஆகவே விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

வேம்பைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வேப்பம்பூ ரசம் உணவு. அதைத் தாராளமாகச் செய்யுங்கள். வேப்பெண்ணெய் வேறு. அதைக் கைக்குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுத்ததால் வாந்தி, வலிப்பு, மயக்கம் ஏற்பட்டு மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டு, உயிரிழப்பு வரை போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. சிறு சங்கு அளவுதானே என்று நினைக்காதீர்கள். வேப்பங்கொழுந்து உருண்டை கீரிப்பூச்சியை ஒழிக்கும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. இந்த ஒன்றில் மருமகளின் பக்கம் நில்லுங்கள் அம்மா. நகம் வெட்டுவதிலும், சாப்பிடும் முன் கை கழுவ வைப்பதிலும், பாயை வெயிலில் போடுவதிலும் உங்கள் தலைமுறையின் கண்டிப்பு அந்த வீட்டுக்கு மிகவும் தேவை.

கேள்வி: என் மகனுக்கு மலப் பரிசோதனை செய்து பார்த்தோம். புழுவோ முட்டையோ இல்லை என்று அறிக்கை வந்தது. ஆனாலும் இரவில் சொறிகிறான். தூக்கத்தில் பல்லையும் கடிக்கிறான். பூச்சி இருக்கிறதா, இல்லையா?
வாசகர், திண்டுக்கல்

பதில்: இருக்கக்கூடும். உருண்டைப்புழுவும் கொக்கிப்புழுவும் குடலுக்குள்ளேயே முட்டையிடுவதால் அவற்றின் முட்டைகள் மலத்தில் கலந்து வரும். கீரிப்பூச்சி வெளியே வந்து தோலில் முட்டையிடுகிறது. எனவே மலத்தில் அதைத் தேடினால் பெரும்பாலும் அகப்படாது. அதற்கு வேறு முறை இருக்கிறது. காலையில் மகன் எழுந்தவுடன், கழுவுவதற்கும் கழிப்பறை போவதற்கும் முன்பாக, நிறமற்ற செலோடேப் துண்டு ஒன்றின் பசையுள்ள பக்கத்தை ஆசனவாயைச் சுற்றிய தோலில் ஒற்றி எடுத்து, ஆய்வகத்தில் தந்த கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுத்தால் நுண்நோக்கியில் முட்டைகள் தெரியும். ஒருநாள் தெரியாவிட்டாலும் அடுத்தடுத்து மூன்று நாள் காலையில் எடுத்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். அதைவிட எளிய வழி, அவன் தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் ஆனபின் கைவிளக்கின் ஒளியில் மெதுவாகப் பார்ப்பது. கண்ணில் பட்டுவிட்டால் பரிசோதனையே தேவையில்லை.

பல் கடிப்பதை வைத்து மட்டும் பூச்சி என்று முடிவு செய்ய வேண்டாம். பூச்சி இல்லாத குழந்தைகள் பலரும் தூக்கத்தில் பல் கடிக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. அதேபோல, குழந்தை இளைத்துப்போவதையும் வெளிறிப்போவதையும் கீரிப்பூச்சியின் தலையில் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்குவது கொக்கிப்புழு. அது வெறுங்காலோடு மண்ணில் நடக்கும்போது தோல் வழியாக ஏறும் வேறு இனம். எடை கூடாமல் இருந்தாலோ, முகம் வெளிறியிருந்தாலோ, அதற்கான காரணத்தை மருத்துவர் தனியாகத் தேட வேண்டும்.

கேள்வி: எனக்கு இப்போது மூன்றாம் மாதம். மூத்த குழந்தைக்குக் கீரிப்பூச்சி வந்து, இப்போது எனக்கும் அரிக்கிறது. நான் மாத்திரை சாப்பிடலாமா? வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத் தொற்றுமா?
வாசகி, ஈரோடு

பதில்: முதலில் உங்கள் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். இந்தப் புழு குடலிலேயே வாழ்வது. கருவில் இருக்கும் பிள்ளையிடம் போய்ச் சேராது. முதல் மூன்று மாதங்களில் பூச்சி மாத்திரையைத் தவிர்ப்பதே வழக்கம் என்பதால் நீங்களாக எதையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். உங்களைப் பார்த்துவரும் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை மருந்தில்லாமலும் இதை வெல்ல முடியும். இந்தப் புழுவின் ஆயுள் குறுகியது. ஆறு வாரம் விடாமல், எழுந்தவுடன் கழுவுதல், உள்ளாடை மாற்றுதல், நகம் வெட்டுதல், கைகழுவல் ஆகியவற்றைக் கடைப்பிடித்துப் புதிய முட்டை எதுவும் வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொண்டால், உள்ளே இருப்பவை தம் காலம் முடிந்து அழிந்துவிடும். வீட்டில் மற்றவர்கள் இரண்டு முறையும் மருந்து எடுத்துக்கொண்டால் உங்கள் வேலை பாதியாகிவிடும். மூத்த குழந்தையைக் காலையில் கழுவிவிடும் பொறுப்பை இந்த ஆறு வாரமும் உங்கள் கணவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

கேள்வி: பிப்ரவரியில் பள்ளியில் எல்லாக் குழந்தைகளுக்கும் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். பிறகும் என் பிள்ளைக்கு எப்படி வந்தது? அந்த மாத்திரை தரமற்றதா?
வாசகர், திருவண்ணாமலை

பதில்: தரத்தில் ஐயம் வேண்டாம். 2015 முதல் பிப்ரவரி 10 அன்று நடைபெற்றுவரும் தேசியக் குடற்புழு நீக்க நாளில், பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 1 முதல் 19 வயது வரையிலானவர்களுக்குத் தரப்படுவது அதே அல்பெண்டசோல்தான். ஒன்று முதல் இரண்டு வயது வரை பாதி மாத்திரை, அதற்குமேல் முழு மாத்திரை. ஆனால் அந்தத் திட்டத்தின் இலக்கு மண் வழியாகப் பரவும் உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகியவை. அவற்றால் வரும் சோகையையும் ஊட்டச்சத்துக் குறைவையும் தடுப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. உங்கள் பிள்ளை அதைத் தவறவிடக் கூடாது. கீரிப்பூச்சி ஆளிடமிருந்து ஆளுக்குக் கைவழியாகப் பரவுவது. பள்ளியில் கொடுத்த ஒரு மாத்திரை அன்றைக்கு அவன் குடலில் இருந்தவற்றைக் கொன்றிருக்கும். வீட்டில் இருந்த மற்றவர்களை அது தொடவில்லை, இரண்டாம் மாத்திரையும் இல்லை. மருத்துவரிடம் போகும்போது பள்ளியில் மாத்திரை கொடுத்த தேதியை மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: என் 5 வயது மகளுக்குச் சிறுநீர் கழிக்கும் இடத்திலும் அரிப்பு, லேசான வெள்ளைப்படுதல். சில இரவுகளில் படுக்கையை நனைத்துவிடுகிறாள். கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கேட்டது மிகச் சரி. பெண் குழந்தைகளில் இந்தப் புழு சில வேளை முன்பக்கம் ஊர்ந்துபோய் அங்கே அழற்சியை உண்டாக்கும். அரிப்பு, எரிச்சல், வெள்ளைப்படுதல், புதிதாகப் படுக்கையை நனைப்பது எல்லாம் அதனால் வரலாம். ஆனால் சிறுநீர்த் தொற்று போன்ற வேறு காரணங்களாலும் இவை வரக்கூடும் என்பதால், வீட்டிலேயே முடிவு செய்யாமல் ஒரு குழந்தை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்; தயங்காமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கழுவும்போது எப்போதும் முன்னிருந்து பின்னாகக் கழுவக் கற்றுக்கொடுங்கள். படுக்கையை நனைத்ததற்காக அவளைத் திட்டவோ, மற்றவர்கள் முன்னால் சொல்லிக் காட்டவோ வேண்டாம்; குழந்தை அதை வேண்டுமென்று செய்யவில்லை.

கேள்வி: எங்கள் வீட்டு நாயிடமிருந்து இந்தப் பூச்சி வருமா? நாயை வெளியேற்றச் சொல்கிறார்கள்.
வாசகர், தாம்பரம்

பதில்: வராது. நாய்க்கும் பூனைக்கும் வேறு புழுக்கள் உண்டு. அவற்றுக்காகக் கால்நடை மருத்துவரிடம் முறையாக மருந்து கொடுங்கள். கீரிப்பூச்சி மனிதரின் குடலில் வாழ்வது, நாயின் குடலில் அது வாழாது. குழந்தை கட்டிப்பிடித்து விளையாடும்போது அவள் கையில் இருந்த முட்டை நாயின் முடியில் ஒட்டியிருக்கலாம் என்பது மட்டுமே உண்மை; அதற்கு விளையாடி முடித்ததும் கை கழுவினால் போதும். நாய் உங்களோடு இருக்கட்டும்.